முகத்துக்கு ரெண்டரை, வயித்துக்கு ஒன்று

இந்தக் காலத்து ஜனங்கள் வீட்டுக்குச் சாமான் வாங்குகிற லட்சணத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நிறம் பார்ப்பார்கள். சுவருக்குப் பொருந்துமா என்று பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் இருப்பதைவிட ஒரு சாண் பெரிசா என்று பார்ப்பார்கள். பின்னால் ஒட்டியிருக்கிற சின்னத் தகட்டில் எத்தனை வாட் என்று போட்டிருக்கிறதே, அதைக் குனிந்து பார்க்க மட்டும் ஒருத்தருக்கும் இடுப்பு வளையாது. ஓட்டை இருந்தால் சொருகிவிடலாம் என்பதுதான் இவர்கள் படித்த படிப்பு. அந்த ஓட்டைக்குப் பின்னால், சுவருக்குள்ளே, எவ்வளவு தடிமனில் செம்பு ஓடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் அப்பவே போட்டிருப்பாங்க" என்பார்கள். யார் போட்டது? போட்டவன் எப்பேர்ப்பட்டவன் என்று தெரியுமா உனக்கு?

சந்தேகத்தாருக்குத் தெரியும். இந்தக் கதையில் வருகிற வீட்டுக்குப் போட்டவரே அவர்தான்.

சந்தேகத்தார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. வேலை செய்த வீடுகளில் வைத்த பெயர். மெயினை அணைப்பார், நம்பமாட்டார். ஃபியூஸைப் பிடுங்கிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்; அப்போதும் நம்பமாட்டார். டெஸ்டர் வைத்துப் பார்ப்பார். டெஸ்டரையும் நம்பாமல், புறங்கையால் வயரை லேசாகத் தட்டிவிட்டுத்தான் உள்ளங்கையால் தொடுவார். நாற்பத்து நாலு வருஷ வேலையில் வாங்கிய ஷாக்கை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். சாமியையும் அவர் அந்த இடத்தில்தான் வைத்திருந்தார், பேயையும் அங்கேதான். "மீட்டர்ல காட்டட்டும், ஒத்துக்கறேன்" என்பார்.

அந்த வீடு இருக்கிற தெருப் பக்கம் அவர் ஏழு வருஷமாகப் போகவில்லை. சுற்றிக்கொண்டு போவார். கேட்டால் "அந்த வழியில நாய்" என்பார். அன்றைக்கு வீட்டுக்காரரே போன் பண்ணினார்.

"ஒரு நிமிஷ வேலைங்க. குடியிருக்கிற பொம்பள ரொட்டி சுடுற அடுப்பு ஒன்னு வாங்கி வச்சிருக்கா, பின்னறையில போடணுமாம். வயர் தாங்குமான்னு என் உயிரை எடுக்கறா. நீங்க வந்து தாங்கும்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுங்க."

"நீங்களே சொல்லுங்க."

"என் பேச்சை நம்பமாட்டேங்கறா. நீங்க வரலன்னா வேற ஆளைக் கூட்டிட்டு வந்து சுவத்தைக் கொத்திப் பாப்பேன்கறா. கொத்தினா என்ன தெரியும்னு உங்களுக்குத் தெரியாதா?"

சந்தேகத்தார் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மத்தியானம் மூன்று மணி. தெருவில் ஆளில்லை. வீட்டுக்காரர் வாசலிலேயே காத்திருந்தார். குறுகலான வீடு. வாசலறை, நடு அறை, அதை ஒட்டிப் பின்னறை, பக்கவாட்டில் சமையலறை. நடு அறைக் கட்டிலில் ஒருத்தர் மல்லாந்து கிடந்தார். லாரி ஓட்டுகிறவர். விழுந்து இடுப்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்திருந்தார்கள். தானாக எழுந்து உட்காரக்கூட முடியாது. அவர் சம்பாத்தியம் நின்றுபோனதால்தான் அவர் மனைவி ரொட்டியும் கேக்கும் சுட்டு விற்கலாம் என்று அந்த அடுப்பை வாங்கியிருந்தாள்.

"யாரு, டாக்டரா?" என்றார் கட்டிலில் கிடந்தவர்.

"சுவத்துக்கு டாக்டர்" என்றாள் அவள்.

"அப்படியே என் இடுப்பையும் ஒரு பார்வை பாக்கச் சொல்லு. ரெண்டுலயும் உள்ள கம்பிதானே ஓடுது."

வீட்டுக்காரர் பெரிதாகச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சந்தேகத்தாரை நேராகப் பார்த்தாள்.

"பெரியவரே, நான் சுத்தி வளைக்கல. இவரால எந்திரிக்க முடியாது. அந்த ரூம்ல தீப்பிடிச்சா நான் ஒருத்தி இவரைத் தூக்கிட்டு வெளிய போக முடியாது. அதனாலதான் கேக்கறேன். அந்த வயர் எவ்வளவு தடிமன்?"

"அதான் சொன்னேனேம்மா" என்று வீட்டுக்காரர் குறுக்கே விழுந்தார். "ரெண்டரை ஸ்கொயர். இழுத்தவரே வந்து நிக்கறாரு. முன்ன இருந்தவ விஷயம் வேற. அவ கவனமில்லாதவ. இஸ்திரிப் பெட்டியத் துணி மேல குப்புற வச்சுட்டு அசந்துட்டா. அதுக்கு வீடு என்ன பண்ணும்?"

"அப்ப ஏன் அந்த ரூம்ல துணி தேய்க்கிற வாசனை வருது?" என்றாள் அவள்.

சந்தேகத்தார் பையோடு பின்னறைக்குள் போனார்.

பின்னறையில் பழைய வாசனை எதுவும் இருக்கக்கூடாது. அழுத்தமாக மூன்று கை பெயின்ட் அடித்திருந்தது. ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. மேசை மேல் புது அடுப்பு, பளபளவென்று, மின்சார வயர் சுருட்டியபடி. சந்தேகத்தார் குனிந்து தகட்டைப் பார்த்தார். இரண்டாயிரத்து எண்ணூறு வாட். ஆயிரத்துக்கு நாலரை ஆம்ப் என்பது அவர் கணக்கு. பன்னிரண்டரைக்கு மேல் இழுக்கும்.

அப்போதுதான் அந்த வாசனை அவருக்கும் வந்தது.

தண்ணீர் தெளித்த பருத்தித் துணி மேல் சூடான இரும்பு ஏறும்போது எழுகிற ஆவி வாசனை. கஞ்சி வாசனை. நல்ல வாசனைதான் அது. மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல இருந்தது அவருக்கு.

"அடுத்த வீட்ல யாராவது தேய்ப்பாங்க" என்றார்.

"அடுத்த வீடு பூட்டிக் கிடக்கு, ஒரு வருஷமா" என்றாள் அவள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. அந்தப் பின்னறைக்கு முதலில் ஒரு ஸ்கொயர் வயர்தான் ஓடியது. ஒரு பல்பு, ஒரு ஃபேன். அதற்கு அது தாராளம். பிறகு இஸ்திரிக்காரி ஒருத்தி குடிவர முன்பணம் கொடுத்தாள். ஆயிரத்து ஐந்நூறு வாட் பெட்டி, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஓடும், பெரிய ப்ளக் வேண்டும் என்றாள். ரெண்டரை இழுத்தாக வேண்டும். சந்தேகத்தார் இழுத்துப் பார்த்தார். சுவருக்குள் இருந்த பைப்பில் ஏற்கெனவே வயர் அடைத்துக்கொண்டு கிடந்தது. ரெண்டரை வளைவு வரைக்கும் போய் முட்டிக்கொண்டு நின்றது. சுவரைக் கொத்தி வேறு பைப் போட வேண்டும். வீட்டுக்காரர் அந்த வாரம்தான் பெயின்ட் அடித்து முடித்திருந்தார். மறுநாள் காலை அவள் சாமான் வந்து இறங்குகிறது.

"ஏதாவது பண்ணுங்க" என்றார் வீட்டுக்காரர்.

ஏதாவது பண்ணினார்கள். ஃபியூஸ் போர்டு பக்கம் ஒரு முழம் ரெண்டரை. ப்ளக் பக்கம் ஒரு முழம் ரெண்டரை. நடுவில் சுவருக்குள் ஓடுவது அதே பழைய ஒன்று. முடிச்சு இரண்டும் பூச்சுக்கு உள்ளே. யார் எந்தப் பக்கம் திறந்து பார்த்தாலும் தடித்த வயர்தான் கண்ணில் படும். "முகத்துக்கு ரெண்டரை, வயித்துக்கு ஒன்னு" என்று சொல்லி வீட்டுக்காரர் சிரித்தார். சந்தேகத்தாரும் சிரித்தார். செய்ததைவிட அந்தச் சிரிப்புதான் அவருக்கு இத்தனை வருஷமும் தொண்டையில் நின்றது.

வேலை முடிந்ததும் அவருக்கு ஒரு வழக்கம். எந்த வீடானாலும் சாமானை ஓடவிட்டு, வயரைக் கையில் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்காருவார். கை பொறுக்காத சூடு வந்தால் வயர் பத்தவில்லை என்று அர்த்தம். புத்தகம் படித்தவன் சொல்லாததை உள்ளங்கை சொல்லிவிடும். அன்றைக்கு மட்டும் உட்காரவில்லை. கை என்ன சொல்லும் என்று தெரியும், அதனால் உட்காரவில்லை.

இஸ்திரிக்காரி வாசலில் நின்று கேட்டாள். "அண்ணே, என் பெட்டி தாங்குமாண்ணே?"

"ரெண்டரை போட்டிருக்கு. தாராளமாத் தாங்கும்."

இரண்டு வருஷம் தாங்கவும் செய்தது. அப்புறம் வீட்டுக்காரர் யாரையும் கேட்காமல் குளியலறை ஹீட்டரையும் அதே லைனில் கோர்த்துவிட்டார். அது ஒரு இரண்டாயிரம் வாட். ஃபியூஸ் அடிக்கடி போனது. போகாமல் இருக்க அதில் தடித்த கம்பியாகச் சுற்றிவிட்டார். ஒரு மத்தியானம் சுவருக்குள் முடிச்சு பற்றிக்கொண்டது. முடிச்சுக்கு நேர் கீழேதான் தேய்த்து அடுக்கிய துணி. அவள் வெளியே ஓடியிருக்கலாம். ஊரார் துணி என்று மூன்று கட்டுகளை வாசலில் வீசினாள். நாலாவது கட்டுக்கு உள்ளே போனாள்.

விசாரிக்க வந்த அதிகாரிகளுக்குப் போர்டைத் திறந்து காட்டினார்கள். ப்ளக்கைத் திறந்து காட்டினார்கள். தடித்த வயர்.

"நீதான் போட்டியா?"

"ரெண்டரை போட்டேங்க. அவதான் பெட்டியக் குப்புற வச்சுட்டு அசந்திருப்பா."

எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வாரம் சந்தேகத்தார் வந்து, எரிந்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு, அதே ஒன்றில் மறுபடி முடிச்சுப் போட்டார். வீட்டுக்காரர் கையோடு மேலே பூசிவிட்டார். ஹீட்டரைக் கழற்றி விற்றார். அந்த அறை அதற்குப் பிறகு தட்டுமுட்டுச் சாமான் போடுகிற அறையாகக் கிடந்தது, இந்தக் குடும்பம் வரும்வரைக்கும்.

இப்போது சந்தேகத்தார் அந்தச் சுவரின் முன்னால் நின்று புறங்கையை வைத்தார்.

சுட்டது.

எல்லா இடமும் இல்லை. நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. மேல் மூலையிலிருந்து இறங்கி, வளைந்து, ப்ளக் வரைக்கும். பைப் எந்த வழியாகப் போகிறதோ அந்த வழி. ப்ளக்கில் எதுவும் சொருகியிருக்கவில்லை. ஸ்விட்ச் அணைந்திருந்தது.

"கூரைச் சூடு" என்றார்.

"பக்கத்துச் சுவர் ஜில்லுனு இருக்கே" என்றாள் அவள்.

சந்தேகத்தார் வாசலறைக்குப் போய் மெயினை இறக்கினார். பின்னறை ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். டெஸ்டர் எரியவில்லை. பையிலிருந்து க்ளாம்ப் மீட்டரை எடுத்தார். வயரை அறுக்க வேண்டாம். நண்டு கவ்வுகிற மாதிரி அதன் வாயைத் திறந்து வயர் மேல் மாட்டினால், உள்ளே எத்தனை ஆம்ப் ஓடுகிறது என்று சொல்லிவிடும். போர்டிலிருந்து பின்னறைக்குப் போகிற வயரில் மாட்டினார். மின்சாரமே இல்லாத வயரில் சைபர்தான் காட்ட வேண்டும்.

ஆறரை காட்டியது.

எடுத்து உதறினார். பாட்டரியை மாற்றினார். தன் விரல் மேல் மாட்டிப் பார்த்தார்; சைபர். பக்கத்து வயரில் மாட்டினார், சைபர். மறுபடி பின்னறை வயர்.

ஆறரை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே சைபருக்கு விழுந்தது. அவருக்கு மூச்சு வந்தது. இருபது எண்ணுவதற்குள் மறுபடி ஆறரை. கொஞ்ச நேரம் நின்று, மறுபடி சைபர். மறுபடி ஆறரை.

அந்தத் தாளம் அவருக்குத் தெரியும். கெட்டுப்போன மீட்டர் அப்படி ஆடாது. பெட்டி போதுமான அளவு சூடானால் தானாக அணையும். துணி தேய்க்கத் தேய்க்கச் சூடு இறங்கினால் தானாக ஏறும். ஆயிரத்து ஐந்நூறு வாட்டுக்கு ஆறரை ஆம்ப்.

யாரோ வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"பெரியவரே" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. விளையாட்டில்லாத குரல். "இப்ப கேக்குதா?"

டொக்.

இரும்பைப் பலகை மேல் நிறுத்துகிற சத்தம். பிறகு நீளமாக ஒரு இழுப்பு. பிறகு துணியை உதறுகிற சத்தம்.

டொக்.

"எலி" என்றார் வீட்டுக்காரர். அவர் நெற்றி வேர்த்திருந்தது. "வீடுன்னா எலி இருக்கும். நீங்க சொல்லிட்டுக் கிளம்புங்க, நேரமாகுது."

ஆண்கள் இருவரும் பின்னறை வாசலில் வந்து நின்றார்கள். அவள் அடுப்பின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லுங்க பெரியவரே. நீங்க தாங்கும்னு சொன்னா இப்பவே சொருகறேன். நாளைக் காலையில ரொட்டி கேட்டிருக்காங்க. நீங்க சொன்னா நம்பறேன்."

"சொல்லுங்க" என்றார் வீட்டுக்காரர். பிறகு அவளுக்குக் கேட்காமல், காதோரமாக: "ரெண்டரைன்னு ஒரு வார்த்தை. முன்னாடி சொன்னதுதானே. ஏதாவது ஆச்சுன்னா இவளும் கவனமில்லாதவதான்."

சந்தேகத்தார் வாயைத் திறந்தார்.

டொக் சத்தம் நின்றுவிட்டது.

சட்டென்று நின்றது. பக்கத்தில் யாரோ பேசுவதைக் கேட்கக் கையை நிறுத்துகிற மாதிரி.

ஆவி வாசனை கெட்டியாகி முகத்தில் அடித்தது. அவர் கையில் இருந்த மீட்டரின் வாயில் எதுவும் இல்லை. ஆனாலும் எண் ஏறியது. ஆறரை. எட்டு. பதினொன்று.

பதினைந்து.

பெட்டியும் ஹீட்டரும் சேர்ந்தால் வருகிற கணக்கு. ஹீட்டர் இந்த வீட்டை விட்டுப் போய் ஏழு வருஷம்.

சுவரில் மூன்று கை பெயின்ட் மெதுவாகக் கொப்புளித்தது. ஒரு கொப்புளம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

"அண்ணே."

அவள் சொன்னாள் என்று முதலில் நினைத்தார். அவள் அவரைப் பெரியவரே என்றுதான் கூப்பிட்டாள்.

"தாங்குமாண்ணே?"

மிரட்டுகிற குரலில்லை அது. அழுகிற குரலும் இல்லை. அன்றைக்கு வாசலில் நின்று கேட்ட அதே குரல், நம்பிக்கையோடு.

அந்த நம்பிக்கைதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

"ஒன்னு" என்றார் சந்தேகத்தார்.

"என்னது?" என்றாள் அவள்.

"உள்ள ஓடறது ஒரு ஸ்கொயர். பல்புக்கும் ஃபேனுக்கும் போட்டது. ரெண்டு நுனியில மட்டும் ரெண்டரை, பாக்கறவனை ஏமாத்த. நான்தான் போட்டேன். இந்த ஆளு போடச் சொன்னாரு, நான் போட்டேன். முன்ன இருந்தவ அசரவும் இல்ல, குப்புற வைக்கவும் இல்ல. என் முடிச்சுதான் பத்திக்கிச்சு. நீ அதுல சொருகாத."

வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. "யோவ், கிறுக்குப் பிடிச்சுப் போச்சா உனக்கு? மாட்டினா நீயும்தான்யா மாட்டுவ."

"மாட்டறேன்."

"உன் பேச்சை இனிமே எவன்யா நம்புவான்? அன்னைக்குச் சொன்னது ஒன்னு, இன்னைக்குச் சொல்றது ஒன்னா?"

"யாரும் நம்ப வேண்டாம். சுவத்தைக் கொத்தினா தெரியுது."

வீட்டுக்காரர் கத்தினார், விரலை நீட்டினார், பிறகு பின்னறைப் பக்கம் ஒருதரம் பார்த்தார். கொப்புளித்த பட்டை ப்ளக் வரைக்கும் வந்திருந்தது. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே போனார். செருப்பைக் கூடக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனார்.

அவள் ஒரு சொல்லும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "எவ்வளவு போடணும்?" என்று மட்டும் கேட்டாள்.

"உன் அடுப்புக்கு ரெண்டரையே போதும். ஆனா இது நாலு மணி நேரம் விடாம எரியும், நாளைக்கு மாவு பிசையற மெஷினும் வாங்குவ. நாலு ஸ்கொயர் வாங்கிக்க. செம்பு. ஏர்த்துக்குத் தனியா பச்சை. கடைக்காரன் அலுமினியத்தைத் தலையில கட்டப் பாப்பான். நுனியைச் சீவிக் காட்டச் சொல்லு, கண்ணால பாத்து வாங்கு. மேல பைப் அடிச்சு இழுத்துடறேன். மறைக்கறதுக்கு ஒன்னும் வேண்டாம்."

அவள் கடைக்குப் போனாள். சந்தேகத்தார் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, உளியும் சுத்தியலும் எடுத்தார்.

பூச்சு சுலபமாக உதிர்ந்தது. உள்ளே பைப் கறுத்துப் போயிருந்தது. தான் போட்ட முடிச்சைத் தானே அடையாளம் கண்டார். மூன்று சுற்று, டேப்பின் நுனியை உள்ளே மடிக்கிற பழக்கம். டேப் உருகி ஒழுகியது, இப்போதுதான் எரிந்த மாதிரி. முடிச்சை வெட்டினார். பழைய வயரின் நுனியைக் குறடால் பிடித்து இழுத்தார்.

வரவில்லை. நெருக்கமான பைப், வராதுதான்.

காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். ஒரு அங்குலம் வந்தது. மறுபடி இறுகியது.

"பெரியவரே" என்றது அடுத்த அறைக் குரல். "துணைக்கு ஆளைக் கூட்டிட்டு வந்தீங்களா?"

"இல்ல. நான் ஒருத்தன்தான்."

மறுபடி காலை ஊன்றி இழுத்தார்.

"ரெண்டு பேர் மூச்சு கேக்குது."

சந்தேகத்தார் திரும்பிப் பார்க்கவில்லை. குறடை இறுக்கிப் பிடித்தார்.

வயர் தளர்ந்தது.

இந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் இந்தப் பக்கம் இழுக்க, இன்னொருத்தர் அந்தப் பக்கமிருந்து தள்ளிக் கொடுக்க வேண்டும். தள்ளுகிற ஆள் கைகாரனாக இருந்தால், இழுக்கிறவனுக்குக் கனமே தெரியாது. வயர் இப்போது அப்படி வந்தது. அவர் இழுத்த நேரத்துக்குச் சரியாக, அவர் நிறுத்தினால் நின்று, மறுபடி இழுத்தால் மறுபடி வந்து. அந்தப் பக்கத்து நுனி வாசலறை போர்டுக்குள் இருந்தது. வாசலறையில் யாரும் இல்லை.

கறுத்துப் போன செம்பு காலடியில் சுருள் சுருளாக விழுந்தது. கைக்குச் சூடாக இருந்தது. கடைசி முழம் வரும்போது தள்ளுகிற கை ஒரு கணம் பிடித்துக்கொண்டது.

பிறகு விட்டுவிட்டது.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். வாயில் ஒரு சொல் வந்தது. அதைச் சொல்ல ஏழு வருஷம் இருந்தது, அப்போது சொல்லவில்லை. இப்போது சொன்னால் யாருக்கு? விழுங்கிவிட்டார்.

அவள் வயர் சுருளோடு வந்தாள். வெயில் சாய்வதற்குள் பைப் அடித்து, நாலு ஸ்கொயர் இழுத்து, புது ப்ளக் வைத்து, ஃபியூஸில் அளவான கம்பி கட்டினார். அடுப்பைச் சொருகி முழுச்சூட்டில் ஓடவிட்டார். ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, வயரை உள்ளங்கையில் பிடித்தபடி உட்கார்ந்தார். அரைமணி நேரம். அவளும் எதிரே உட்கார்ந்திருந்தாள். வயரில் இதமான சூடுகூட ஏறவில்லை. சுவர் குளிர்ந்து கிடந்தது. எந்தச் சத்தமும் இல்லை.

"நீங்க இப்ப சொன்னதை எழுதிக் குடுங்க" என்றாள் அவள்.

"எனக்கு எழுத்து அவ்வளவா வராது."

"வர்ற வரைக்கும் எழுதுங்க. நாளைக்கு அவரு வந்து நான்தான் சுவத்தை உடைச்சேன்னு சொல்வாரு. செத்தவ பேர்லயும் இன்னும் அந்தப் பழைய பேச்சுதான் இருக்கு."

அடுப்பு வந்த அட்டையைக் கிழித்து, பேனாவையும் கொடுத்தாள். சந்தேகத்தார் தரையில் வைத்து எழுதினார். நான் போட்டது ஒன்று. சொன்னது ரெண்டரை. அவள் மேல் தப்பு இல்லை. அதற்கே அவருக்கு முதுகு வேர்த்தது. கீழே கையெழுத்துப் போட்டார். அவள் அதை வாங்கி, எரிந்த வயரோடு சேர்த்துக் கட்டிப் புருஷனின் தலைமாட்டில் வைத்தாள்.

"யாரு கேக்கப்போறா இதை?" என்றார் சந்தேகத்தார் கசப்பாக. "ஏழு வருஷம் ஆச்சு. அன்னைக்கு விசாரிச்ச ஆபீஸ்ல அந்தக் காகிதத்தை எலி தின்னிருக்கும்."

"திங்கட்டும். நாளைக்கே நான் இதைக் கொண்டு போய்க் குடுக்கறேன். கூப்பிட்டா வருவீங்கல்ல?"

"வராம எங்க போறது."

"அவங்க போயிட்டாங்களா?" அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"யாரு?"

"யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

"இருந்தாத்தானே போறதுக்கு? மீட்டர் பழசு, கண்டதைக் காட்டும். சுவத்துக்குள்ள எலி. வயசான காதுல எல்லாம்தான் விழும்."

"அப்ப ஏன் உண்மையைச் சொன்னீங்க?"

சந்தேகத்தார் சாமான்களைப் பையில் போட்டார். ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, பொத்தானைப் போட்டபடியே வெளியே வந்துவிட்டார். கட்டிலில் கிடந்தவர், "இடுப்பைப் பாக்காமலே போறீங்களே டாக்டர்" என்று பின்னாலிருந்து சொன்னார். அதற்கும் திரும்பவில்லை.

தெருமுனை டீக்கடையில் நின்று தண்ணீர் கேட்டார். கடைக்காரர் டம்ளரை நீட்டியவர், அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன சந்தேகத்தாரே, பொண்ணு பாக்கவா போறீங்க? சட்டை கத்தி மாதிரி நிக்குது!"

சந்தேகத்தார் குனிந்து பார்த்தார். காலர் விறைப்பாக நின்றது. கை மடிப்பு தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரே கோடாக ஓடியது. காலையில் கொடியிலிருந்து உருவி அப்படியே மாட்டிய சட்டை அது. புறங்கையால் தொட்டார். இளஞ்சூடாக இருந்தது. முன்பக்கத்தைப் பார்த்தார், கையைத் திருப்பிப் பார்த்தார், நுனியை இழுத்துப் பார்த்தார். எங்கேயும் ஒரு கருகல் பொட்டு இல்லை. இவ்வளவு சுத்தமாகத் தேய்க்கிறவள் பெட்டியைக் குப்புற வைப்பாளா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

"வெயில்" என்றார். "வெயில்ல தொங்கிச்சு."

டம்ளரை வைத்துவிட்டு நடந்தார். இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் கொஞ்சம் விலக்கி வைத்துக்கொண்டு நடந்தார், மடிப்புக் கலைந்துவிடக் கூடாது என்பதுபோல.